பேட்டரி அறைக் கயிறு

சேற்றில் மாட்டிய வண்டியை இழுக்கும்போது கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்பது என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் உலகத்தில் நாலைந்து பேர் இருந்தால் அதிகம். மின்கம்பி போகிற காடுமேடெல்லாம் ஆளையும் ஏணியையும் ஏற்றிப்போகும் பதினேழு வண்டிகளுக்கு முப்பத்தாறு வருடம் ஸ்டோர்கீப்பராக இருந்தவன் நான். நான் கையெழுத்துப் போடாமல் ஒரு திருகாணிகூட அந்த வண்டி ஷெட்டைவிட்டு வெளியே போனதில்லை. அப்பேர்ப்பட்ட நான்தான், அறுந்துபோகப் போகிற ஒரு கயிற்றை அழகாகச் சுருட்டி, முத்தம் கொடுக்காத குறையாக என் மகள் வண்டியில் வைத்து அனுப்பினேன்.

மகள் நர்ஸ். ஆற்றைத் தாண்டிக் களிமண் சமவெளி ஒன்று இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் ஐம்பது அறுபது வீடுகள். வாரத்துக்கு இரண்டு நாள் மருந்துப் பெட்டிகளோடு நாலு சக்கரமும் இழுக்கிற ஒரு வெள்ளை வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு அங்கே போவாள். அந்தக் களிமண்ணைப் பற்றி என்ன சொல்ல? ஒரு தூறல் விழுந்தால் போதும், செருப்பைக் கழற்றிக்கொண்டு போய்விடும். இரண்டு தூறல் விழுந்தால் ஆளையே கேட்கும். மூன்று வாரத்துக்கு முன் வண்டி அதில் அச்சுவரை இறங்கிவிட்டது. ஆறு மணி நேரம் ஒருவரும் வரவில்லை. அங்கே ஒரு பெண்ணுக்கு வலி எடுத்திருந்தது. இவள் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே போய்ச் சேர்ந்தாள். போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்திருந்தது, இவள் காலில் ஒரு பூட்ஸ்தான் இருந்தது.

அதற்கப்புறம்தான் அவளுடைய ஆபீஸ் கண்ணைத் திறந்தது. வேண்டியதை வாங்கிக்கொள், ஆனால் நோயாளி உட்காரும் பெஞ்சுக்கு அடியில் இருக்கும் பெட்டிக்குள் எல்லாம் அடங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம். அவ்வளவுதான் இடம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் சாப்பாட்டு மேசையில் மாதிரிக்கு வாங்கி வந்ததும் இரவல் வாங்கி வந்ததுமாகச் சாமான் குவிந்தது. அதை வைத்து ஒரு போர்க்கப்பலையே கரைக்கு இழுத்துவிடலாம்.

"ஏங்க, இது சாப்பிடுற மேசையா, லாரி ஷெட்டா?" என்று தட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள் என் மனைவி.

"அக்கா, ஒரு நிமிஷம் பொறு" என்றான் அவள் தம்பி. என் மச்சினன் மெக்கானிக். எல்லோருக்கும் அவன் ஜாக்கி. கல்யாணத்துக்குப் போனாலும் வண்டியில் மூன்று ஜாக்கி வைத்திருப்பான். "இந்தப் பலகை, மண்வெட்டி எல்லாம் சின்னப் பிள்ளைங்க விளையாட்டு. முன்னாடி ஒரு வின்ச் மாட்டிடு பாப்பா. பட்டனை அமுக்கினா கம்பி சுத்தும், வண்டி தானா வந்துடும்."

"கம்பியோட அந்த முனையை எதுல மாட்டுறது மாமா? அங்க ஒரு மரம் இல்ல, ஒரு பாறை இல்ல. மேகத்துல மாட்டவா?"

"மண்ணுல ஒரு கடப்பாரையை அடிச்சு..."

"அந்த மண்ணுல கடப்பாரை வெண்ணெயில கத்தி மாதிரி இறங்கும், அதே மாதிரி உருவிக்கிட்டு வரும். ஏற்கெனவே வண்டிக்கு மூக்கு கனம். இன்னும் நாப்பது கிலோவைத் தொங்கவிட்டா கும்பிடு போட்டுக்கிட்டே உள்ள போயிடும்."

"உங்க பொண்ணு வாயைப் பாத்தீங்களா அத்தான்?" என்றான் ஜாக்கி என்னிடம். நான் ஆனந்தமாகச் சிரித்தேன். அந்த வாய் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா?

அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எடை பார்த்து, ஒதுக்கினாள். கயிற்றை வண்டியோடு பூட்டுகிற இரும்பு வளையமான ஷேக்கிளில் எத்தனை டன் தாங்கும் என்று பொறித்திருக்கிறதா என்று பார்த்தாள். பொறிக்காததையெல்லாம் தரையில் போட்டாள். ஜாக்கியின் ஜாக்கிகளில் உயரமானதை வேண்டாம் என்றாள். களிமண்ணில் அடிப்பலகை இல்லாமல் அது நிற்காது, சரிந்தால் கையை வாங்கிவிடும். கடைசியில் குட்டைப்பிடி மண்வெட்டி ஒன்று, டயரில் காற்றைக் குறைக்க ஒரு அளவுமானி, திரும்ப ஏற்ற ஒரு பம்ப், சக்கரத்துக்கு அடியில் செருகுகிற பல் வைத்த பிளாஸ்டிக் பலகை இரண்டு ஜோடி, இவ்வளவும் பெட்டிக்குள் போயின. பெட்டி நிறைந்தது.

"நான் தனியா நிக்கும்போது இந்த ரெண்டு கையால என்ன ஆகுமோ, அதுதான் எனக்கு வேணும்" என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். நான் உள்ளே போய் என் பீரோவைத் திறந்தேன்.

ஓய்வு பெறும் நாளில் மற்றவர்களுக்குச் சுவர்க் கடிகாரம் கொடுப்பார்கள். எனக்கு ஒரு நைலான் கயிறு கொடுத்தார்கள். நானே கேட்டு வாங்கியது. கட்டைவிரல் தடிமன், ஒன்பது மீட்டர் நீளம், இரண்டு முனையிலும் கண்ணி, மேலே பளபளவென்று கறுப்புப் பூச்சு. ஒருநாள்கூடச் சேறு படாதது. சங்கிலி மாதிரி வெடுக்கென்று இழுக்காது. இழுக்க இழுக்க நீளும், விசையை எல்லாம் தனக்குள் வாங்கி வைத்துக்கொள்ளும், அப்புறம் சுண்டும். அந்தச் சுண்டலில், சேற்றில் இருக்கிற வண்டி பல் பிடுங்கினாற்போல வெளியே வரும். மலையில் கட்டினால் மலை இரண்டடி தள்ளி உட்காரும் என்று சொல்லியே அதை மேசைமேல் போட்டேன்.

மகள் கயிற்றைத் தடவிப் பார்த்தாள். "இன்னொரு வண்டி இருந்தாத்தான்பா இது."

"அங்கதான் டிராக்டர் இருக்கே."

"எத்தனை வருஷம் ஆச்சு இது?"

"வருஷம் என்ன வருஷம்? பூட்டின ரூம்லயே இருந்துச்சு. வெயில் பாத்ததில்ல, எலி பாத்ததில்ல. புதுப்பொண்ணு மாதிரி இருக்கு பாரு" என்று சிரித்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். ஒரு ஜோடிப் பலகையை வெளியே எடுத்துச் சுவரில் சாத்திவிட்டு அந்த இடத்தில் கயிற்றையும் இரண்டு ஷேக்கிளையும் வைத்தாள். எனக்காகத்தான் வைத்தாள். அது அப்போதே எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் கிளம்பிப் போய்விட்டாள். முந்தின நாள் முழுக்க மழை. எட்டு மணிக்கு என் மனைவி என்னுடைய பழைய காக்கிச் சட்டை ஒன்றைத் தரை துடைக்கக் கிழித்தாள். கிழிப்பதற்கு அவசியமே இல்லாமல் அது கையோடு வந்தது.

"துணியா இது? ஈரப் பேப்பர் மாதிரி வருது. அந்த பேட்டரி ரூம் உங்களுக்கு எத்தனை சட்டையை முழுங்கியிருக்கும்!"

"சட்டை மட்டுமா?" என்று நான் ஆரம்பித்தேன். "அந்த ரூம்ல ஒரு பல்லி இருந்துச்சு. ஆசிட் காத்து பட்டுப் பட்டு அதுக்கு வாலே முளைக்காம போச்சு. நானே பாத்தேன். சுவத்துல அடிச்ச சுண்ணாம்பு பொடிப்பொடியா..."

அங்கே நின்றுவிட்டேன்.

எங்கள் ஷெட்டில் பூட்டுப் போடக்கூடிய கதவு ஒரே ஒரு அறைக்குத்தான் இருந்தது. அது பேட்டரி சார்ஜ் செய்கிற அறை. ஸ்டோர்கீப்பர் புத்தி எப்படிப் போகும் என்றால், சாமான் திருடு போகுமா என்றுதான் பார்க்கும். கெட்டுப் போகுமா என்று பார்க்காது. விலை உயர்ந்த சாமானை எல்லாம் அந்த அறையில் வைத்துத்தான் நான் பூட்டினேன். அந்தக் கயிறு ஒன்பது வருடம், சார்ஜ் ஏறும்போது பொங்கி வழிகிற பேட்டரி வரிசைக்கு நேர் கீழே, ஆசிட் ஆவியிலும் ஆசிட் சொட்டிலும் கிடந்தது. ஆசிட் பட்டால் நைலான் உள்ளுக்குள்ளேயே செத்துப்போகும், பார்வைக்கு ஒன்றும் தெரியாது. இதை ஷெட்டில் இருந்த அத்தனை பேருக்கும் பாடம் நடத்தியவன் நான்தான்.

மகளுக்குப் போன் போட்டேன். ஆற்றுப் பாலம் தாண்டினால் சிக்னல் கிடையாது. அவள் ஆபீசுக்குப் போட்டேன். "மதியம் திரும்பிடுவாங்க சார்" என்றார்கள். ஜாக்கிக்குப் போட்டேன்.

அவன் பத்து நிமிடத்தில் பிக்கப் வண்டியோடு வந்துவிட்டான். வழியில் விஷயத்தைச் சொன்னேன். கிண்டல் பண்ணுவான் என்று எதிர்பார்த்தேன். பண்ணவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"வண்டி சேத்துல மாட்டியிருக்காதுன்னு வச்சுக்குவோம் அத்தான். எல்லா நாளுமா மாட்டுது?"

"ரெண்டு ஜோடிப் பலகை இருந்தா அவளே ஏறி வந்திருப்பா. ஒரு ஜோடியை நான்தான் வெளிய எடுக்க வச்சேன்."

"பேசாம வாங்க."

"அறுந்தா கண்ணியோட ஷேக்கிளும் பறக்கும்டா. ஒரு கிலோ இரும்பு. கண்ணாடி எல்லாம் அதுக்கு ஒரு பொருட்டே இல்ல."

"அத்தான், பேசாம வாங்கன்னு சொன்னேன்ல?"

பாலத்தைத் தாண்டியதும் சமவெளி விரிந்தது. கண்ணுக்கு எட்டின தூரம் கருத்த ஈரம். அரை கிலோமீட்டரில் அந்த வெள்ளை வண்டி ஒருபக்கம் சாய்ந்து நின்றிருந்தது. அதற்கு முன்னால் சிவப்பாக ஒரு டிராக்டர். இரண்டுக்கும் நடுவே தரையில் பாம்பு மாதிரி வளைந்து ஒரு கறுப்புக் கோடு.

"இதுக்கு மேல பிக்கப் போகாது, நாமளும் இறங்கிடுவோம்" என்று ஜாக்கி சொல்லி முடிப்பதற்குள் நான் குதித்துவிட்டேன்.

அறுபத்திரண்டு வயதில் களிமண்ணில் ஓடுவது எப்படி என்று யாராவது கேட்டால் சொல்லுவேன். பத்தடிக்கு ஒரு தரம் காலில் ஒரு செங்கல் சூளை ஒட்டிக்கொள்ளும். கத்தினேன். காற்று எதிர்க்காற்று. டிராக்டர் சத்தம் வேறு. ஜாக்கி என்னைத் தாண்டி ஓடி, சறுக்கி, முகம் குப்புற விழுந்தான். டிராக்டர்காரர் வேகமெடுத்து இழுப்பதற்காக டிராக்டரைப் பின்னுக்கு எடுத்து வந்துகொண்டிருந்தார். தாடையைச் சுற்றித் துணி கட்டியிருந்தார். பல்வலி. அவர் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி கிடையாது, தகடு கிடையாது, வெறும் சட்டைதான். இந்தப் பக்கம் என் மகள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கயிறு அறுந்தால் இரண்டு பேரில் ஒருவர். எந்த முனை முதலில் விடுமோ, அதற்கு எதிர்ப்பக்கம் இருப்பவர்.

டிராக்டர்காரர் கையைத் தூக்கினார். மகளும் கையைத் தூக்கினாள்.

நேராகப் போய் அந்தக் கயிற்றின் மேல் விழுந்து, அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

பிரேக் சத்தம். கதவு திறக்கிற சத்தம்.

"அப்பா! என்னப்பா பண்றீங்க? கயித்து மேல நிக்கக்கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்றவரு நீங்க, எந்திரிங்க!"

"இழுக்... இழுக்கக் கூடாது."

"மூச்சு வாங்குங்க முதல்ல. நெஞ்சு வலிக்குதா?"

"கயிறு... பேட்டரி ரூம்ல இருந்துச்சு."

அவள் ஸ்டோர்கீப்பர் மகள். எனக்கு இரண்டாவது வாக்கியம் தேவைப்படவில்லை.

டிராக்டர்காரர் இறங்கி வந்தார். "யாரும்மா இந்தப் பெரியவர்? கயிறு புதுசாத்தானே இருக்கு? ஒரு இழு இழுத்துட்டு நான் வீட்டுக்குப் போறேன். பல்லு உயிர் போகுது. நீங்க மாத்திரை தரேன்னதாலதான் வந்தேன்."

மகள் வண்டிக்குள் போய் ஒரு சின்னக் கத்தி எடுத்து வந்தாள், தையல் பிரிக்கிறது. மண்டியிட்டு, கயிற்றின் கறுப்புப் பூச்சைக் கண்ணிக்குப் பக்கத்தில் நீளவாக்கில் கீறித் திறந்தாள். உள்ளே பால் மாதிரி இருக்க வேண்டிய இழைகள் புகையிலைக்காரன் பல் மாதிரி மஞ்சளாக இருந்தன. ஒரு கொத்தை விரலில் சுற்றி இழுத்தாள். சத்தமே இல்லாமல் வந்தது. தேய்த்தாள். பொடியாக உதிர்ந்தது.

டிராக்டர்காரர் தாடைத்துணியை அவிழ்த்துவிட்டார். பல்வலி எங்கே போயிற்றோ. "இதைக் கட்டியா என்னை இழுக்கச் சொன்னீங்க?"

"நான்தான் கொடுத்தேன்" என்றேன் நான். "அவளுக்குத் தெரியாது."

"எனக்கு வீட்டுல மூணு பேர் இருக்காங்க ஐயா."

எதையும் பத்து மடங்காக்கிச் சொல்லுகிற எனக்கு, இதைக் கால் பங்காகக்கூடச் சொல்ல வரவில்லை. சேற்றிலேயே உட்கார்ந்திருந்தேன். ஜாக்கி முகமெல்லாம் மண்ணோடு வந்து சேர்ந்து, கயிற்றைப் பார்த்து, ஒரு கெட்ட வார்த்தையைப் பாதியில் விழுங்கினான்.

"எப்பத் தெரிஞ்சது உங்களுக்கு?" என்று கேட்டாள் மகள்.

"காலையில. எட்டு மணிக்கு."

"ஞாயித்துக்கிழமை நான் கேட்டேன்ல? எத்தனை வருஷம்னு?"

"கேட்டே."

"சிரிச்சீங்க."

"ஆமா."

கோபப்பட்டுக் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கத்தியைத் துடைத்து உறையில் போட்டாள். பிறகு, மருந்துக்கு ஒவ்வாமை உண்டா என்று நோயாளியிடம் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"அந்த ரூம்ல இந்தக் கயிறு எத்தனை இருந்துச்சு?"

நான் வாயைத் திறந்தேன். பதில் என் வாய்க்கு வந்தபோதுதான் என் மண்டைக்கும் வந்தது.

"நாலு. ஒரே பெட்டியில வந்தது."

"மத்த மூணு?"

"ரிட்டயர் ஆகுறதுக்கு முன்னாடி... வண்டிக்கு ஒண்ணா கொடுத்துட்டேன்."

ஜாக்கி தலையில் கை வைத்துக்கொண்டான்.

"எந்திரிங்க" என்றாள் மகள். "பாலத்துக்குப் போங்க. அங்க சிக்னல் இருக்கும். உங்க ஷெட்டுக்குப் போன் பண்ணுங்க."

"வண்டியைத் தோண்டி எடுத்துட்டு..."

"வண்டி எங்கயும் போகாது. மாமா, டயர்க் காத்தைப் பதினைஞ்சுக்கு இறக்குங்க. பின்சக்கரத்துக்கு முன்னாடி சரிவா வெட்டுங்க. பலகையை அங்க செருகி ஒரு மீட்டர், எடுத்து மறுபடி போட்டு ஒரு மீட்டர். நான் சாயங்காலம் வர்றதுக்குள்ள மேட்டுல இருக்கணும்."

"சரி பாப்பா" என்றான் ஜாக்கி, வாழ்நாளில் முதல்முறையாக எதிர்க்கேள்வி கேட்காமல்.

அவள் மருந்துப் பையை எடுத்துக்கொண்டாள். டிராக்டர்காரருக்கு மாத்திரையைப் பிரித்துக் கொடுத்து, தண்ணீரும் கொடுத்து, "உங்ககிட்ட நானும் மன்னிப்புக் கேக்கணும்" என்றாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அவள் டிராக்டர் சக்கரத்தின் மேல்மூடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். டிராக்டர் கிளம்பியது. திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். பார்க்கவில்லை. எத்தனை மூட்டுவலிக்காரர்கள், எத்தனை கைக்குழந்தைகள் அங்கே காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்தார்களோ.

பாலத்துக்கு நடந்தேன். வரும்போது ஓடின தூரம் போகும்போது மூன்று மடங்கு ஆயிற்று. போனில் இரண்டு கோடு சிக்னல் வந்ததும் ஷெட்டுக்குப் போட்டேன். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் ஸ்டோர்கீப்பர் எடுத்தார்.

"ஐயா! வணக்கம் வணக்கம். போன தடவை சொன்ன பல்லிக் கதையை இன்னும் இங்க எல்லாரும் சொல்லிச் சிரிக்கிறோம்."

"தம்பி, வண்டிகள்ல இருக்குற நைலான் கயிறு மூணையும் உடனே எடுத்து வெட்டிப் போடணும். பேட்டரி ரூம்ல வச்சிருந்தது. உள்ள மக்கிப் போச்சு."

"வாலு முளைக்காத பல்லி மாதிரியா?" அவர் சிரிப்பு போனில் கரகரத்தது.

"அதே பெட்டியில வந்த நாலாவதை மாட்டி என் மகள் இன்னைக்கு இழுக்க இருந்தா."

சிரிப்பு நின்றது.

"அவங்க...?"

"நல்லா இருக்கா. இழுக்கல. நான் கதை சொல்லல தம்பி. நாலாம் நம்பர், ஒன்பதாம் நம்பர், பதினாலாம் நம்பர் வண்டி. பெஞ்சுக்குக் கீழ பச்சைப் பையில இருக்கும். போய்ப் பாருங்க. நான் லைன்ல இருக்கேன்."

காத்திருந்தேன். தூரத்தில் ஜாக்கி மண்வெட்டியும் கையுமாகக் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தான். வெள்ளை வண்டி ஒரு சாண்கூட நகர்ந்ததாகத் தெரியவில்லை.

"ஐயா, நாலுலயும் ஒன்பதுலயும் எடுத்துட்டேன். கீறிப் பாத்தேன். மாவு மாதிரி கொட்டுது." அவர் குரல் மாறியிருந்தது. "போன வாரம்தான் ஒன்பதை அதை வச்சு இழுத்திருக்காங்க. எப்படித் தாங்குச்சோ தெரியல."

"பதினாலு?"

"அது போன மாசம் ஏலத்துல போயிடுச்சு. சாமானோட."

"யார் எடுத்தாங்க?"

"ஊருக்கு மேற்க ஒருத்தர். ஞாயித்துக்கிழமை ஆனா கூட்டமா சேர்ந்துக்கிட்டு சேத்துல வண்டி ஓட்டுவாங்களே, அந்தப் பொழுதுபோக்குக்காரர். ஒருத்தரை ஒருத்தர் மாட்டி இழுத்து விளையாடுறவங்க."

பாலத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். "போன் நம்பர்?"

"இருந்த நம்பருக்கு இப்பவே அடுத்த போன்ல போட்டுப் பாத்தேன். உபயோகத்துல இல்லைன்னு வருது. நாளைக்கு ஆபீஸ்ல லெட்டர் போடச் சொல்றேன்."

"லெட்டர் வேண்டாம். வீட்டு விலாசம் சொல்லுங்க."

என்னிடம் பேனா இல்லை. பாலத்து முனையில் நின்ற பிக்கப்பின் கதவு முழுக்க மண் அப்பியிருந்தது. அவர் சொல்லச் சொல்ல அதில் விரலால் எழுதினேன். கதவு எண், தெரு, தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் வீடு. எழுதி முடித்ததும் அவரைத் திரும்பச் சொல்லச் சொல்லிச் சரிபார்த்தேன்.

"ஐயா, நீங்களே போறீங்களா? இந்த வயசுல? போய் என்ன சொல்வீங்க?"

"என்ன நடந்துச்சோ அதை."

சாவி வண்டியிலேயே இருந்தது. ஜாக்கியைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினேன். அவன் மண்வெட்டியைத் தூக்கிக் காட்டினான், போங்க என்று. வானத்தில் மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. மழை விழுந்தால் கதவில் எழுதியது போய்விடும் என்று விலாசத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே, ஒரு எண்ணைக்கூடக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிக்கொண்டே, வண்டியைத் திருப்பினேன்.